லிஃப்ட் போட்ட ஜிம்னிக்கு எந்த ஆர்ம் வாங்குவது?

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதம் இது, கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்:

"அண்ணா, என்னுடையது மாருதி சுஸுகியின் 5 கதவு ஜிம்னி, 21,000 கி.மீ. ஓடியிருக்கிறது. நாலு மாதத்துக்கு முன்னால் வண்டியை 50 மி.மீ. உயர்த்தும் லிஃப்ட் ஸ்பிரிங்கும் ஷாக்கும் போட்டேன், கூடவே 215/75 ஆர்15 ஆல் டெரெய்ன் டயர். ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியவில்லை. சேலம் பைபாஸில் 80-ஐத் தாண்டினால் வண்டி அலைகிறது, வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவதில்லை. இரண்டு தடவை பாலத்து ஜாயின்ட்டில் ஏறி இறங்கும்போது ஸ்டீயரிங் கையில் படபடவென்று ஆடிவிட்டது. கன்ட்ரோல் ஆர்ம் மாற்ற வேண்டும் என்கிறார் லிஃப்ட் போட்டுக் கொடுத்தவர். மஹிந்திரா தார் வைத்திருக்கும் நண்பன் அப்பர் ஆர்ம் மட்டும் மாற்றினால் போதும் என்கிறான். என் மாமா கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், சீம்லெஸ் பைப்பில் ரோஸ் ஜாயின்ட் (இரும்பு உருண்டை ஜாயின்ட்) வைத்து நாலு ஆர்ம்மையும் அட்ஜஸ்ட் பண்ணும்படி செய்து தருகிறேன் என்கிறார். வாரத்தில் ஐந்து நாள் ஆபீசுக்கு ஓட்டுகிறேன், மாதம் ஒரு முறை டிரெயில், லீவு வந்தால் வால்பாறை, கொடைக்கானல். எதை வாங்குவது?"

தம்பி, ஆர்ம், அதாவது ஆக்ஸிலைச் சேசிஸோடு இணைக்கும் கை, அந்தப் பேச்சை எடுப்பதற்கு முன்னால் ஒன்று. ஸ்டீயரிங் படபடத்தது என்று கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த வரிதான். காரணம் தெரியும்வரை பைபாஸில் 60-க்கு மேல் போகாதீர்கள். மறுபடி வந்தால் பதறி பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம். ஆக்சிலரேட்டரை விட்டு, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகத்தை மெல்லக் குறையுங்கள், வேகம் இறங்கினால் அது நிற்கும்.

உங்கள் வண்டிக்கு இரண்டு நோய் இருக்கிறது. அலைவதும் ஸ்டீயரிங் திரும்பி வராததும் ஒன்று, அது கேஸ்டர், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைந்ததால் வருவது, ஆர்ம் விஷயம். படபடப்பு வேறு. அது எங்கேயோ தளர்வு இருப்பதாலோ டயர் பேலன்ஸ் சரியில்லாததாலோ கிளம்புவது. ஆர்ம் மாற்றினால் முதலாவது தீரும். இரண்டாவதும் சேர்ந்து தீரும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

அதனால் பணம் செலவு செய்வதற்கு முன்னால் ஒரு காலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். புது டயர் போட்ட பிறகுதான் படபடப்பு வந்தது என்றால் முதலில் நாலு சக்கரத்தையும் கழற்றி பேலன்சிங் பார்க்கச் சொல்லுங்கள், ஆல் டெரெய்ன் டயரின் கட்டைகளில் ஒட்டிய மண் காய்ந்து கிடந்தாலே பேலன்ஸ் கெட்டுப் போகும். அடுத்து பான்ஹார்டு ராடு, ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி. வண்டி தரையில் நிற்கட்டும், என்ஜின் ஓடட்டும், ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டட்டும், நீங்கள் கீழே குனிந்து அந்த ராடின் இரண்டு முனையையும் பாருங்கள். புஷ்ஷுக்குள் (முனையில் இருக்கும் ரப்பர் வளையம்) ராடு நழுவுகிறதா, போல்ட் ஓட்டைக்குள் டக் டக் என்று அடிக்கிறதா? லிஃப்ட் போடும்போது கழற்றி மாட்டிய போல்ட்டைச் சரியான டார்க்கில் (இறுக்க அளவில்) இறுக்காமல் விட்டிருந்தால் இங்கேதான் தெரியும். அப்புறம் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கடிகாரத்தில் 12-ம் 6-ம் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் காரணம் வீல் பேரிங்காகவோ கிங்பின் பேரிங்காகவோ இருக்கும். கிங்பின் என்பது முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பும் முளை. ஜிம்னிக்குப் பழைய காலத்து ஜீப் மாதிரி கிங்பின் இருக்கிறது, அதன் பேரிங்கில் இறுக்கம் விட்டுப் போனால் முன்பக்கம் இப்படித்தான் நடுங்கும். டை ராடு முனைகளையும் பார்த்துவிடுங்கள். ஸ்டீயரிங் டேம்பரை மட்டும் கடைசியாகத் தொடுங்கள். புது டேம்பர் போட்டதும் படபடப்பு மறையும், ஆனால் தளர்வு உள்ளேயே இருக்கும், ஆறு மாதத்தில் இன்னும் பெரிதாகத் திரும்பி வரும்.

சரி, ஆர்ம்முக்கு வருவோம். உங்கள் நண்பர் சொன்னது அவர் வண்டிக்குச் சரியாக இருக்கலாம். 2020-க்குப் பிறகு வந்த தாரில் முன்பக்கம் இன்டிபென்டன்ட், மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம். அதை உயர்த்தினால் மேல் ஆர்ம்மின் பால் ஜாயின்ட் அதன் எல்லை வரை சாய்ந்துவிடும், கேம்பரும் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்) கேஸ்டரும் மாறிப் போகும், அதனால் அப்பர் ஆர்ம் மாற்றுகிறார்கள். உங்கள் வண்டியில் மேல் ஆர்ம் என்று ஒன்று கிடையாது. இந்தப் பக்கச் சக்கரத்திலிருந்து அந்தப் பக்கச் சக்கரம் வரை ஒரே ஆக்ஸில், அதைப் பிடித்துக்கொள்ள இரண்டு ரேடியஸ் ஆர்ம், பக்கவாட்டில் நகராமல் இருக்க ஒரு பான்ஹார்டு ராடு. ஆக மூன்று லிங்க். ஒவ்வொரு ஆர்ம்மிலும் மூன்று புஷ். சேசிஸ் பக்கம் ஒன்று, ஆக்ஸிலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அந்தக் கடைசி இரண்டும் சேர்ந்து ஆக்ஸிலை ஆர்ம்மோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன.

மண்வெட்டியை நினைத்துப் பாருங்கள். காம்பு உங்கள் ஆர்ம், தகடு உங்கள் ஆக்ஸில். காம்பின் நுனியைத் தூக்கினால் தகடு சாயும், அதைத் தடுக்க முடியாது. நீங்கள் லிஃப்ட் போட்டதும் சேசிஸ் உயர்ந்தது, காம்பின் நுனியும் கூடவே உயர்ந்தது, ஆக்ஸிலின் தலை முன்னால் சாய்ந்துவிட்டது. கேஸ்டர் போனது அப்படித்தான். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதால்தானே கையை விட்டும் ஓட்ட முடிகிறது? அந்தச் சாய்வுதான் கேஸ்டர். அது குறைந்தால் சக்கரம் நேராக வருவதற்கு ஆசைப்படாது, நீங்கள்தான் ஒவ்வொரு முறையும் இழுத்து நேராக்க வேண்டும்.

எவ்வளவு போயிருக்கும் என்பதை வீட்டிலேயே கணக்குப் பார்க்கலாம். சேசிஸ் புஷ்ஷின் நடுவிலிருந்து ஆக்ஸில் நடு வரை டேப் வைத்து அளங்கள். உதாரணத்துக்கு 700 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 50 மி.மீ. உயர்வுக்குச் சுமார் 4 டிகிரி சாயும். கம்பெனி கொடுக்கும் கேஸ்டரே சில டிகிரிதான், அதில் இவ்வளவு போனால் மிச்சம் என்ன இருக்கும்? இன்னொன்று, பெட்டியில் 50 என்று போட்டிருந்தாலும் வண்டி 50-தான் உயர்ந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரும்பு பம்பரும் வின்ச்சும் வைத்த வண்டிக்காகச் செய்த ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் இன்னும் கூடுதலாகத் தூக்கும். ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து, லிஃப்ட் போடாத ஒரு ஜிம்னியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 70 வந்தால் நீங்கள் வாங்க வேண்டிய ஆர்ம்மே வேறு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் போட்டதால் உங்கள் டிஃபரென்ஷியல் தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட உயரவில்லை. இப்படி ஒரே ஆக்ஸில் உள்ள வண்டியில் ஆக்ஸிலை உயர்த்துவது டயர் மட்டும்தான். 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மி.மீ., உங்கள் புது டயருடையது 703 அல்லது 704, ஆகக் கீழே கூடுதலாகக் கிடைத்தது 5 மி.மீ. ஸ்பிரிங் கொடுத்தது வயிற்றுக்கும் மூக்குக்கும் உயரம், சக்கரம் மேலும் கீழும் போக இடம். அதனால் ஆர்ம் வாங்கும்போது அடியில் போல்ட் தலையோ கூர்மையான மூலையோ தொங்காமல் வழவழவென்று இருக்கிறதா என்று பாருங்கள், டிரெயிலில் கல்லில் முதலில் தேய்வது அதுதான்.

இனி மாமாவின் யோசனை. அவருடைய கைத்திறமையைப் பற்றி எனக்குச் சந்தேகம் கிடையாது, கோவை லேத் பட்டறைகளில் செய்ய முடியாத பொருள் குறைவு. ஆனால் இந்த இடத்துக்கு அந்த டிசைன் ஒத்து வராது, ஏன் என்று அவரும் படிக்கட்டும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

வீடியோக்களில் வரும் திருகு மரை வைத்த அட்ஜஸ்ட் ஆர்ம்கள் பெரும்பாலும் ஜீப் ரேங்லருக்கானவை. ரேங்லரில் முன்னால் நாலு ஆர்ம், பின்னால் நாலு. மேல் ஆர்ம் ஒன்று, கீழ் ஆர்ம் ஒன்று எனப் பிரிந்திருப்பதால் ஒவ்வொன்றும் பெரும்பாலும் தள்ளுவதையும் இழுப்பதையும் மட்டும் தாங்குகிறது. அப்படிப்பட்ட லிங்க்கில் நடுவில் மரை வைக்கலாம், முனையில் உருண்டை ஜாயின்ட் வைக்கலாம், வேலை செய்யும். ரேடியஸ் ஆர்ம்மில் மேல் ஆர்ம்மின் வேலையையும் ஒரே ஆர்ம் பார்க்கிறது. பிரேக் மிதித்தால் ஆக்ஸில் முழுவதும் முன்னால் உருள முயலும், அதை உருளாமல் பிடித்து நிறுத்துவது இந்த இரண்டு ஆர்ம்தான். சுமார் 1,200 கிலோ வண்டி, அதில் இரண்டு பேர், நல்ல பிரேக் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு ஆர்ம்முக்கும் 1,200, 1,300 நியூட்டன் மீட்டர் முறுக்கு வருகிறது. நீங்கள் வீல் நட்டை இறுக்குவது 100 சொச்சத்தில். அதாவது ஒவ்வொரு பிரேக்கிலும் அந்த 700 மி.மீ. ஆர்ம்மின் நுனியில் ஏறக்குறைய 180 கிலோவைத் தொங்கவிட்டு வளைப்பது மாதிரி. வளைகிற பொருளின் நடுவில் மரை வெட்டினால் என்ன ஆகும் என்று லேத்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை, மரையின் அடிப் பள்ளத்தில்தான் விரிசல் தொடங்கும். ரோஸ் ஜாயின்ட்டின் தண்டும் அதே கதை.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம், பலருக்கும் இது தெரிவதில்லை. டிரெயிலில் இடது சக்கரம் ஒரு பாறையில் ஏறுகிறது, வலது சக்கரம் குழியில் இறங்குகிறது. இடது ஆர்ம் ஒரு பக்கம் சாயும், வலது ஆர்ம் மறுபக்கம் சாயும், இரண்டுமே ஆக்ஸிலைக் கெட்டியாகப் பிடித்திருக்கின்றன. ஈரத் துணியை இரண்டு கையால் பிழிவது மாதிரி ஆக்ஸிலைப் பிழிகின்றன. ஆக்ஸில் குழாய் அவ்வளவு வளையாது, ஆர்ம்மும் வளையாது. அப்படியானால் சக்கரம் எப்படி மேலும் கீழும் போகிறது? அந்த நாலு ரப்பர் புஷ் நசுங்கிக் கொடுப்பதால்தான். ரேடியஸ் ஆர்ம் வண்டியில் ரப்பர் புஷ்ஷும் ஸ்பிரிங் மாதிரி ஒரு வேலைக்காரன். அந்த இடத்தில் இரும்பு ஜாயின்ட்டோ கல்லு மாதிரி பாலியூரித்தேன் புஷ்ஷோ வைத்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். சக்கரம் தொங்காமல் காற்றில் நிற்கும், அல்லது ஆக்ஸிலில் வெல்டு வைத்திருக்கும் பிராக்கெட் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழியும். சேசிஸ் பக்கத்தில் இருக்கும் ஒற்றைப் புஷ்ஷில் உருண்டை ஜாயின்ட் வைத்தால் இந்தப் பிழிதல் அவ்வளவு இருக்காது, ஆனால் மண்ணும் மழைத்தண்ணீரும் போய் தேய்ந்து கடகடக்கும், ரோட்டுச் சத்தம் முழுவதும் கேபினுக்குள் வரும். ஐந்து நாள் ஆபீசுக்குப் போகிற வண்டிக்கு அது எதற்கு?

இரும்பு பற்றியும் ஒரு வார்த்தை. 'பலமாக இருக்கட்டும்' என்று ஈ.என்.19 என்ற அலாய் இரும்பில் கண்ணை (புஷ் உட்காரும் வளையத்தை) கடைந்து பைப்போடு வெல்டு வைக்கும் வழக்கம் இருக்கிறது. அந்த இரும்பை முன்னாலேயே சூடேற்றி, வெல்டு முடிந்த பிறகு மெதுவாக ஆறவிடாவிட்டால் வெல்டு ஓரத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், விரிசல் விடும். அதோடு இடது, வலது இரண்டு ஆர்ம்மின் ஓட்டைகளும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். ஆக்ஸில் பக்கத்து இரண்டு ஓட்டைக்கும் நடுவே 150 மி.மீ. என்றால், ஒரு ஓட்டை 1 மி.மீ. மேலே போனாலே கிட்டத்தட்ட 0.4 டிகிரி வித்தியாசம், ஆக்ஸில் நிற்கும் நிலையிலேயே முறுக்கப்பட்டிருக்கும். ஒரே ஜிக்கில் (அளவு மாறாமல் பிடிக்கும் சட்டத்தில்) நூறு ஆர்ம் செய்கிறவருக்கு இது எளிது, முதல் ஜோடி செய்கிறவருக்குக் கஷ்டம். ஒரு ஜோடிக்காக ஜிக் செய்யும் செலவில் நல்ல ஆர்ம் வாங்கிவிடலாம்.

ஆனால் மாமாவிடம் ஒரு வேலை கொடுங்கள். பழைய புஷ்ஷை அழுத்தி வெளியே எடுக்கவும் புதியதை நேராக உள்ளே ஏற்றவும் உங்கள் புஷ்ஷின் அளவுக்குக் கடைந்த கப்பும் கட்டையும் வேண்டும். சுத்தியலால் தட்டி ஏற்றிய புஷ் கோணலாகப் போய்ச் சீக்கிரம் கிழியும். அவர் அரை நாளில் செய்து கொடுத்துவிடுவார், வாழ்நாள் முழுக்க உதவும்.

இப்போது உங்களுக்கு உண்மையில் இருப்பது இரண்டு வழி. முதல் வழி, பழைய ஆர்ம்மையே வைத்துக்கொண்டு ஆக்ஸில் பக்கத்தில் கேஸ்டர் திருத்தும் புஷ் போடுவது. இந்தப் புஷ்ஷில் ஓட்டை நடுவில் இருக்காது, ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும். முன் புஷ்ஷில் ஓட்டை 3 மி.மீ. ஒரு பக்கம், பின் புஷ்ஷில் 3 மி.மீ. எதிர்ப்பக்கம் என்றால், அதே 150 மி.மீ. கணக்கில் 2.3 டிகிரி திரும்பக் கிடைக்கும். விலை குறைவு, ஆர்ம் கம்பெனியுடையது, உடைந்துவிடுமோ என்ற பயம் இல்லை. குறை என்னவென்றால் ஓட்டை தள்ளியிருப்பதால் ஒரு பக்கம் சதை மெலிந்துவிடும், அதைத் தாங்க பெரும்பாலும் பாலியூரித்தேனில்தான் செய்கிறார்கள். மேலே சொன்ன பிழிதலுக்கு அது ரப்பர் அளவுக்குக் கொடுக்காது. ரோட்டுக்குச் சரி, டிரெயிலில் சக்கரம் தொங்குவது கொஞ்சம் குறையும். இன்னொரு ஆபத்து, புஷ்ஷைத் திருப்பிப் போட்டுவிட்டால் கேஸ்டர் கூடுவதற்குப் பதிலாக அதே 2.3 டிகிரி இன்னும் குறையும். இப்படி வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், உரிமையாளர் பாவம், 'புஷ் போட்டும் சரியாகவில்லை' என்று அடுத்து ஆர்ம் வாங்கக் கிளம்பிவிடுவார். புஷ்ஷில் இருக்கும் குறியைப் பார்த்துப் போட்டு, முடித்ததும் கீழே குனிந்து பாருங்கள். ஆக்ஸிலின் தலை பின்னால் சாய்ந்து, டிஃபரென்ஷியலின் மூக்கு முன்பு இருந்ததைவிடக் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, திருத்தம் உலோகத்திலேயே செய்யப்பட்ட ஆர்ம். ஆக்ஸில் பக்கத்துக் கண்கள் இரண்டும் தேவையான கோணத்துக்குத் திருப்பி வைக்கப்பட்டிருக்கும், புஷ் கம்பெனி அளவிலேயே முழு ரப்பராக இருக்கும், அட்ஜஸ்ட்மென்ட் எதுவும் கிடையாது. நீங்கள் ஓட்டும் விதத்துக்கு நான் சொல்வது இதைத்தான், முன்பக்கத்துக்கு ஒரு ஜோடி மட்டும். மாதம் ஒரு டிரெயில் போகிறீர்கள், அங்கே சக்கரம் தாராளமாகத் தொங்க வேண்டும். மற்ற நாளெல்லாம் ரோடு, அங்கே சத்தமும் ஆட்டமும் இருக்கக்கூடாது. ரப்பர் இரண்டுக்கும் ஒத்து வரும். கையில் பணம் இறுக்கமாக இருந்தால், அளந்து பார்த்து 2 டிகிரி சொச்சம்தான் போயிருக்கிறது என்றால், முதல் வழியில் போங்கள், தப்பில்லை.

வாங்கும்போது விற்பவரிடம் எத்தனை டிகிரி திருத்தம் என்று கேளுங்கள். '2 இன்ச் லிஃப்டுக்கு' என்று மட்டும் சொன்னால் போதாது. புஷ் தேய்ந்தால் சுஸுகி புஷ்ஷே அதில் ஏறுமா என்று கேளுங்கள். ஏறாது, எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்றால் மூன்று வருடம் கழித்து அந்தக் கடை இருக்குமா என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது. கையில் எடுத்துப் பாருங்கள், கண்ணைச் சுற்றி வெல்டு முழு வட்டமாக ஓடியிருக்கிறதா, இரண்டு இடத்தில் மட்டும் புள்ளி வைத்து விட்டிருக்கிறார்களா? தடிமனான பவுடர் கோட்டிங் நிறைய மறைத்துவிடும், அதனால் கண்ணுக்கு உள்பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். மூடிய பெட்டி மாதிரி இருந்தால் தண்ணீர் வடிய ஓட்டை இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே துருப்பிடிக்கும். பழைய ஆர்ம்மில் ஏதாவது பிடியோ துளையோ இருந்தால் புதியதிலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மாட்டிய பிறகு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழு லாக் போட்டு, டயருக்கும் ஆர்ம்முக்கும் நடுவே விரல் போகிறதா என்று பாருங்கள், அகலமான டயர் போட்ட வண்டிகளில் அங்கே உரசும்.

கேஸ்டரைத் திருத்தினால் டிஃபரென்ஷியலின் மூக்கு கீழே இறங்கும் என்று சொன்னேன் அல்லவா, அதனால் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் (மடங்கும் ஜாயின்ட்) கூடுதலாக மடங்கும். 2எச்-இல் (பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலையில்) ஓட்டும்போது முன் ஹப் விடுபட்டிருப்பதால் இது உங்களுக்குத் தெரியவே தெரியாது. மழையில் 4எச் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு வேகமாகப் போகும்போது ஒரு நடுக்கம் தெரிந்தால் காரணம் இதுதான். அதனால்தான் 'எவ்வளவு கூடுதல் கேஸ்டரோ அவ்வளவு நல்லது' என்று 5, 6 டிகிரி திருத்தம் உள்ள ஆர்ம்மை வாங்க வேண்டாம் என்கிறேன். போனதைத் திரும்ப எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பின் ஆர்ம்களைத் தொடாதீர்கள். 50 மி.மீ.-க்கு அது தேவைப்படுவதில்லை. 70, 80 கி.மீ. வேகத்தில் சீட்டுக்கு அடியில் நடுக்கம் வந்தால் அப்போது எழுதுங்கள், பார்ப்போம். அந்தப் பணத்தை, தேவைப்பட்டால், முன் பான்ஹார்டு ராடில் போடுங்கள். இந்த ராடு ஒரு முனையில் சேசிஸிலும் மறு முனையில் ஆக்ஸிலிலும் இருப்பதால், வண்டி உயர்ந்தால் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். 50 மி.மீ.-க்கு அது சில மில்லிமீட்டர்தான், மட்கார்டிலிருந்து டயர் வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், 5 மி.மீ. வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம், 10 என்றால் நீளம் மாற்றக்கூடிய ராடு போடலாம். இது தள்ளுவதையும் இழுப்பதையும் மட்டும் தாங்கும் லிங்க், இதில் மரை இருந்தால் குற்றமில்லை. ராடின் முனையை மட்டும் இறக்கும் பிராக்கெட் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பான்ஹார்டு ராடும் ஸ்டீயரிங்கின் டிராக் லிங்க்கும் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) இணையாக இருப்பதால்தான் மேடு பள்ளத்தில் வண்டி தானாகத் திரும்பாமல் போகிறது, ஒன்றை மட்டும் இறக்கினால் அந்த இணை கெட்டுவிடும்.

நேராகப் போகும்போது ஸ்டீயரிங் சற்றுக் கோணலாக நிற்கிறதா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் லிஃப்ட் போட்ட வண்டிகளில் அப்படித்தான் இருக்கும். டிராக் லிங்க்கைச் சரிசெய்து நேராக்கச் சொல்லுங்கள். இதை அழகுக்காகச் சொல்லவில்லை, ஸ்டீயரிங் கோணலாக இருந்தால் வண்டி திரும்புகிறது என்று இ.எஸ்.பி. (சறுக்காமல் காக்கும் எலெக்ட்ரானிக் அமைப்பு) தப்பாக எடுத்துக்கொண்டு நேர் ரோட்டில் ஒரு சக்கரத்துக்குப் பிரேக் போடக்கூடும்.

மாட்டுகிற விதம் பற்றி என் அனுபவம் ஒன்று. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு எஸ்டேட்டின் லேண்ட் குரூசர் 80 என்னிடம் வந்தது, அதுவும் முன்னால் ரேடியஸ் ஆர்ம் உள்ள வண்டிதான். எல்லாப் புஷ்ஷும் புதிதாகப் போட்டேன், வண்டி ஜாக்கியில் சக்கரம் தொங்கிக் கொண்டிருக்கும்போதே எல்லா போல்ட்டையும் முழு டார்க்கில் இறுக்கி அனுப்பிவிட்டேன். நாலு மாதத்தில் புஷ் எல்லாம் கிழிந்து வந்து நின்றது. ரப்பர் புஷ்ஷின் உள்குழாய் போல்ட்டோடு சேர்ந்து இறுகிவிடும், அதன் பிறகு அது சுழலாது, ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி தரைக்கு இறங்கியதுமே ரப்பர் முறுக்கப்பட்ட நிலைக்குப் போய்விடும், அப்புறம் ஒவ்வொரு குழியிலும் அதற்கு மேல் முறுக்கு. தவறு என்னுடையது, என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து போல்ட்டைக் கையால் மாட்டி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, முன்னும் பின்னும் சில அடி உருட்டி, நாலு தடவை பம்பரை அமுக்கிவிட்டு, அதன் பிறகுதான் டார்க் ரெஞ்ச்சை எடுப்பேன். நீங்களும் பக்கத்தில் நின்று அப்படிச் செய்யச் சொல்லுங்கள். உங்கள் லிஃப்ட் போட்டவர் ஆர்ம் போல்ட்டைத் தளர்த்தாமலே ஸ்பிரிங் மாற்றியிருந்தால், இப்போது இருக்கும் புஷ்களும் நாலு மாதமாக முறுக்கிக்கொண்டுதான் இருக்கின்றன, பின்பக்கத்தையும் சேர்த்து. பின் ஆர்ம்களை மாற்ற வேண்டாம் என்று சொன்னேனே தவிர, அவற்றின் போல்ட்டைத் தளர்த்தி நிற்கும் நிலையில் மறுபடி இறுக்குவது அவசியம். காசு செலவில்லாத வேலை, விட்டுவிடாதீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவையும் நினைவில் வையுங்கள். பதிவுச் சான்றில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது அது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. லிஃப்ட் போட்ட வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கப் போவது இதைத்தான், சஸ்பென்ஷன் வாரண்டியிலும் கேள்வி வரும். கழற்றிய கம்பெனி ஸ்பிரிங், ஷாக், ஆர்ம் எதையும் விற்காதீர்கள், எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டி வையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது அலைன்மென்ட் கடைக்குப் போவதுதான். 'இந்த வண்டியில் கேஸ்டர் அட்ஜஸ்ட் பண்ண முடியாது சார்' என்பார்கள், உண்மைதான், அட்ஜஸ்ட் பண்ண வேண்டாம், அளந்து பிரிண்ட் மட்டும் கொடுங்கள் என்று கேளுங்கள். டயர் காற்றைச் சரியாக வைத்து, வண்டியில் வழக்கமாக இருக்கும் சாமான்களோடு போங்கள். இடது, வலது கேஸ்டர் எண் இரண்டையும், ஹப்பிலிருந்து மட்கார்டு வரை உள்ள அளவையும், பான்ஹார்டு ராடில் நீங்கள் பார்த்ததையும் எழுதி அனுப்புங்கள். இரண்டு பக்கத்துக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஆர்ம் ஆர்டர் போடுவதை நிறுத்தி வையுங்கள், எதோ ஒன்று வளைந்திருக்கலாம், முதலில் அதைக் கண்டுபிடிப்போம்.